கயிலைத் திருமலை: ஏறா முடியும் வலம்வரு நெறியும்

(மகா சிவராத்திரி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்



சிவாலயப் பெருவிழாக்களில் அம்மையப்பர் திருவுலா வரும் ஊர்திகளுள் கயிலாய வாகனம் தனிச் சிறப்புடையது. பத்துத் தலைகளும் இருபது தோள்களும் கொண்ட இராவணன் கீழிருந்து மலையைத் தாங்க, அதன்மேல் பெருமான் எழுந்தருளிக் காட்சி தருவார். குழந்தைகள் இராவணனின் தலைகளை எண்ணிப் பார்ப்பர். பெரியோர் கைகூப்பி நிற்பர். மலையைப் பெயர்க்க முனைந்த இராவணன் பெருமானின் திருவிரல் நுனியால் நெரிபட்டான்; செருக்கு அழிந்தபின் இசை பாடி அருளும் பெற்றான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பலவற்றின் எட்டாம் பாடலில் இவ்வரலாற்றை எடுத்துரைப்பது வழக்கம். திருநாவுக்கரசரும் பல பதிகங்களை இவ்வரலாற்றைச் சொல்லியே நிறைவு செய்கிறார்.

ஒரே செய்தியை அருளாளர்கள் இத்தனை முறை சொல்லக் காரணம் என்ன? கயிலை வலிமையால் அடையத்தக்கதன்று என்பது உலகத்தார் நெஞ்சில் பதிய வேண்டும் என்பதே. இது புராணக் காலத்தோடு முடிந்துபோன செய்தியும் அன்று. உலகின் மிக உயர்ந்த சிகரங்களை எல்லாம் மனிதன் மிதித்துவிட்ட இக்காலத்திலும் கயிலையின் முடி மனிதனின் காலடி படாமலே நிற்கிறது. அம்மலையின் வரலாற்றையும், அதனை நாடிச் சென்றவர்களின் வழிகளையும் அறிவது சிவராத்திரி நாளில் செய்யத்தக்க சிந்தனையாகும்.

மலையின் இருப்பும் வடிவும்

கயிலை மலை திபெத்தின் மேற்குப் பகுதியில், இமயப் பெருந்தொடருக்கு வடக்கே அமைந்துள்ளது. இமயத்தின் ஒரு சிகரம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இமயத்தைக் கடந்த பிறகே கயிலை கண்ணில் படும். திபெத்தியர் காங்டிசே என்று வழங்கும் வேறொரு தொடரைச் சேர்ந்தது இம்மலை. இதன் உயரம் 22,028 அடி, அதாவது 6,714 மீட்டர் என்று பழைய நூல்கள் குறிக்கும். பிற்கால அளவீடுகள் 6,638 மீட்டர் என்கின்றன. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848 மீட்டர். ஆகவே, உயரத்தால் மட்டும் கயிலை ஒப்பற்றது என்று கூறுவதற்கில்லை.

எனினும், கயிலையைக் கண்டவர்கள் அதனை வேறெந்த மலையோடும் ஒப்பிடுவதில்லை. அருகில் நெருங்கி நிற்கும் சிகரங்கள் இன்றி, நான்கு பக்கமும் செங்குத்தான முகங்களோடு, பனி மூடிய விமானம் போல அது தனித்து உயர்ந்து நிற்கிறது. இலிங்கத் திருமேனியே மலையாக நிற்பதாக அடியார்கள் போற்றுவர். கூழாங்கற்களும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து, பல இலட்சம் ஆண்டுகளில் இறுகிய திரளைப் பாறையால் ஆனது இம்மலை என்று நிலவியல் அறிஞர் கூறுவர். அப்பாறை அடுக்குகளின்மேல் பனி தங்குவதால் தென்முகத்தில் படிக்கட்டுகள் போன்ற வரிகள் தெரிகின்றன. அவ்வரிகளை ஊடறுத்து மேலிருந்து கீழாக ஒரு நெடிய பிளவு இறங்குகிறது. மலையைக் கட்டி இழுக்க இராவணன் சுற்றிய கயிற்றின் தழும்பு அது என்பது நம் நாட்டு அடியார்களிடையே வழங்கும் கதை.

மலையின் தெற்கே மானசரோவரம் என்னும் நன்னீர் ஏரி சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 88 கிலோமீட்டர். அதற்கு மேற்கே இராட்சச தாலம் என்னும் உவர் ஏரி உள்ளது. இராவணன் தவம் செய்த இடம் என்று இதனைக் கூறுவர். சிந்து, சட்லஜ், பிரம்மபுத்திரா ஆகிய பேராறுகளும், கங்கையோடு கலக்கும் நீர்களுள் ஒன்றான கர்ணாலியும் இந்த வட்டாரத்திலேயே பிறக்கின்றன. சிந்துவைச் சிங்கத்தின் வாயிலிருந்தும், பிரம்மபுத்திராவைக் குதிரையின் வாயிலிருந்தும், சட்லஜை யானையின் வாயிலிருந்தும், கர்ணாலியை மயிலின் வாயிலிருந்தும் வரும் நீராகத் திபெத்தியர் பெயரிட்டு வழங்குகின்றனர்.

நான்கு சமயங்களின் புனித மலை

சைவர்களுக்கு அம்மையப்பரின் இருப்பிடமான இம்மலை, சமணர்களுக்கு அஷ்டாபதம் ஆகும். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் வீடுபேறு எய்திய இடம் இது என்பது அவர்களின் நம்பிக்கை. பௌத்தர்கள் இதனைக் காங் ரின்போச்சே, அதாவது பனியின் அரிய மணி என்று போற்றுகின்றனர். பௌத்தத்திற்கு முன்பிருந்தே திபெத்தில் நிலவும் பொன் சமயத்தினருக்கும் இது தலையாய மலை. இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்ற, பொன் சமயத்தினர் இடமாகச் சுற்றுவர். ஒரே பாதையில் எதிரெதிரே வருவோர் புன்னகையோடு வழிவிட்டுச் செல்வது அங்கு அன்றாடக் காட்சியாகும்.

திபெத்தில் ஒரு கதை உண்டு. மிலரேபா என்னும் பௌத்த யோகியும், நாரோ பொன்சுங் என்னும் பொன் சமயக் குருவும் மலை யாருக்குரியது என்று போட்டியிட்டனர். விடியலில் முதலில் முடியை அடைபவருக்கே மலை என்று முடிவாயிற்று. பொன் குரு தம் முரசின்மேல் ஏறி வானில் பறந்து சென்றார். மிலரேபாவோ விடியும்வரை அசையாதிருந்து, முதற்கதிர் பட்டதும் அக்கதிரோடு ஒன்றி ஒரு நொடியில் முடியில் நின்றார். குருவின் முரசு கைதவறித் தென்முகத்தில் உருண்டு விழுந்தது. அப்போது உண்டான தழும்பே அந்த நெடிய பிளவு என்று அவர்கள் கூறுகின்றனர். தமிழ் அடியார்கள் இராவணன் கயிற்றைக் காணும் இடத்தில் திபெத்தியர் முரசின் தடத்தைக் காண்கின்றனர். இரண்டு கதைகளும் சொல்லும் பொருள் ஒன்றே. ஆற்றலைக் காட்ட வந்தவனின் தோல்வி அம்மலையின்மேல் எழுதப்பட்டுள்ளது.

தமிழ் அடியார்கள் கண்ட கயிலை

தெய்வச் சேக்கிழார் அருளிய பெரியபுராணம் கயிலையில் தொடங்கிக் கயிலையிலேயே நிறைவு பெறுகிறது. முதற்கண் திருமலைச் சருக்கம். முடிவில் வெள்ளானைச் சருக்கம். கயிலையிலிருந்து தென்னாட்டிற்கு வந்த சுந்தரமூர்த்தி நாயனார், தம் கடமை முடிந்ததும் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமீது மீண்டும் கயிலை சேர்ந்தார். அவருடைய தோழரான சேரமான் பெருமாள் நாயனார் குதிரையில் ஏறி உடன் சென்று, திருக்கயிலாய ஞான உலாவை அங்கே அரங்கேற்றினார்.

திருஞானசம்பந்தர் மலைக்குச் செல்லவில்லை. திருக்காளத்தியில் இருந்தவாறே வடநாட்டுத் தலங்களை நினைந்து பதிகம் பாடினார். அப்பாடல்களால் கயிலையும் பாடல் பெற்ற தலமாயிற்று.

காரைக்கால் அம்மையார் கயிலையை அடைந்தபோது, இறைவன் உறையும் மலையைக் காலால் மிதித்தல் தகாது என்று கருதினார். தலையால் நடந்தே ஏறினார். எலும்புருவாய் வரும் இவர் யார் என்று உமையம்மை வினவ, நம்மைப் பேணும் அம்மை இவள் என்று பெருமான் உரைத்தருளினார். பிறவாமையையும், பிறப்பு உண்டாயின் மறவாமையையும், ஆடும் திருவடியின்கீழ் இருக்கும் பேற்றையும் அம்மையார் வேண்டினார். அவருக்குப் பெருமான் காட்டிய இடம் கயிலை அன்று. தெற்கே திருவாலங்காட்டில் தம் ஆடலைக் கண்டிருக்குமாறு அவரை அனுப்பினார்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. சுந்தரரைத் தெற்கே அனுப்பியது கயிலை. அம்மையாரையும் தெற்கே திருப்பியது கயிலை. இனி வரப்போகும் திருநாவுக்கரசர் வரலாறும் அவ்வாறே அமைகிறது. அதற்கு முன், கருவிகளோடும் கயிறுகளோடும் கயிலையை நாடியவர்களின் வரலாற்றைக் காண்பது தகும்.

முடியை நாடியவர்கள்

மேலைநாட்டினர் கயிலையைக் கண்டது 1715இல். இப்போலித்தோ தெசிதேரி என்னும் இத்தாலிய ஏசுசபைப் பாதிரியார் லாசாவை நோக்கிச் செல்லும் வழியில் இம்மலையைக் கண்டு, அதனைச் சுற்றி வருவோரைப் பற்றியும் எழுதிவைத்தார். 1812இல் வில்லியம் மூர்க்ராப்ட் என்னும் ஆங்கிலேயர் மாறுவேடம் பூண்டு மானசரோவரத்தை அடைந்தார். 1900இல் ஜப்பானியத் துறவி எகாய் கவாகுச்சி மலையை வலம்வந்தார். சுவீடன் நாட்டு நில ஆய்வாளர் ஸ்வென் ஹெடின் 1907இல் ஏரியில் படகு செலுத்தி அளவெடுத்ததோடு, வலம்வரும் பாதையையும் முழுதாகச் சுற்றினார். இவர்கள் யாவரும் அறிய வந்தவர்கள். ஏற வந்தவர்கள் அல்லர்.

ஏறும் எண்ணத்தோடு மலையை ஆராய்ந்தது 1926இல் நிகழ்ந்தது. அல்மோராவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஹியூ ரட்லெட்ஜ், பணி நிமித்தமாக மேற்குத் திபெத்திற்குச் சென்றார். அவருடைய மனைவியாரும், வில்சன் என்னும் படைத்தலைவரும் உடன் சென்றனர். வடமுகத்தை நோக்கிய ரட்லெட்ஜ், ஏறத்தாழ 6,000 அடி செங்குத்தாக எழும் அச்சுவர் சற்றும் ஏற இயலாதது என்று முடிவு செய்தார். வடகிழக்கு முகட்டின் வழியாக ஏறலாமோ என்று கருதினார். அதற்குக் காலம் போதவில்லை. மறுபக்கத்தில் வில்சன் ஒரு செர்ப்பாத் துணைவரோடு சுற்றி வந்து, ஏறத் தகுந்ததாகத் தோன்றிய ஒரு முகட்டைக் கண்டார். வழி தெரிந்த அந்த வேளையிலேயே கடும்பனி பொழியத் தொடங்கியது. அவர் திரும்பினார். பின்னாளில் 1933, 1936 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் பயணக் குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர் இதே ரட்லெட்ஜ் ஆவார்.

1936இல் ஹெர்பர்ட் டிஷி என்னும் ஆஸ்திரியர் அப்பகுதிக்குச் சென்றார். கயிலையில் ஏற முடியுமா என்று திபெத்திய அதிகாரி ஒருவரிடம் அவர் கேட்டார். பாவம் சிறிதும் இல்லாதவன் மட்டுமே ஏறலாம். அத்தகையவனுக்குப் பனிச்சுவரைப் பற்றி ஏறும் தேவையும் இராது, பறவையாகிப் பறந்துவிடுவான் என்பதே அவர் பெற்ற மறுமொழியின் கருத்து.

1953இல் எவரெஸ்ட் ஏறப்பட்டது. 1964க்குள் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் பதினான்கும் ஏறப்பட்டுவிட்டன. மானசரோவரத்தின் தென்கரையில் 7,694 மீட்டர் உயர்ந்து நிற்கும் மாந்தாதா மலையும் 1985இல் ஜப்பானிய சீனக் கூட்டுக் குழுவினரால் ஏறப்பட்டது. ஏரிக்கரையில் நின்று நோக்கும் அடியார் இக்காட்சியின் பொருளை உணரலாம். தெற்கே நிற்பது கயிலையைவிட ஆயிரம் மீட்டர் உயர்ந்த மலை; அது மனிதக் காலடிக்கு உட்பட்டுவிட்டது. வடக்கே நிற்பது அதனினும் தாழ்ந்த மலை. அதன் முடியோ தீண்டப்படாதது.

ஏற அனுமதியே கிடைக்காமையால் இவ்வாறு நின்றது என்று கருத வேண்டா. 1980களின் நடுவில் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னருக்கு அவ்வாய்ப்பைச் சீன அரசு அளிக்க முன்வந்தது. 1978இல் செயற்கை உயிர்வளி இன்றி எவரெஸ்ட் முடியைத் தொட்ட இருவருள் ஒருவர் அவர். கயிலை அவருடைய ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும் அவர் மறுத்துவிட்டார். மலையை வலம்வந்து திரும்பினார். 2001இல் ஸ்பெயின் நாட்டுக் குழுவொன்று ஏறப் போவதாகச் செய்தி பரவியபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மெஸ்னரும் எதிர்த்தார். அத்தகைய அனுமதி வழங்கப்படவில்லை என்று சீன அரசு அறிவித்தது. கயிலையில் ஏறுவதும் தடை செய்யப்பட்டது.

இதற்கு இணையான நிகழ்ச்சி 1955இலும் உண்டு. காஞ்சன்ஜங்கா சிகரத்தை முதன்முதலில் ஏறிய ஆங்கிலேயக் குழுவினர், அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் சிக்கிம் மக்களுக்கு அளித்த வாக்கைக் காத்தனர். உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினர். பல வார உழைப்பிற்குப் பின் இறுதிச் சில அடிகளை விட்டுக்கொடுத்தது எளிய செயலன்று. இயலாதவன் திரும்புவது இயல்பு. இயன்றவன் திரும்புவதே வணக்கம்.

மலையை அடையும் வழிகள்

முடிக்கு வழி இல்லையாயினும் மலையடிக்கு வழிகள் பல உண்டு. முற்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற துறவிகளும் வணிகரும் மானா, நீதி, லிபுலேக் முதலிய கணவாய்களைக் கடந்து நடந்தே சென்றனர். 1954இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் கயிலை யாத்திரிகரின் உரிமை இடம்பெற்றது. அவர்கள் கடக்கத்தக்க ஆறு கணவாய்களும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டன. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் வழி அடைபட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1981இல் லிபுலேக் வழி மீண்டும் திறக்கப்பட்டது.

இவ்வழி உத்தராகண்டத்தின் பித்தோராகர் மாவட்டத்தில் தார்ச்சுலா என்னும் ஊரிலிருந்து காளி ஆற்றை ஒட்டிச் செல்கிறது. குஞ்சி, காலாபானி, நபிதாங் ஆகிய இடங்களைக் கடந்து, 5,100 மீட்டர் உயரத்திலுள்ள லிபுலேக் கணவாயை அடைகிறது. நபிதாங்கிலிருந்து நோக்கினால் பனிப் படிவு ஓங்கார வடிவில் தோன்றும் ஓம் பர்வதத்தைக் காணலாம். கணவாய்க்கு அப்பால் திபெத்தின் தக்லகோட் நகரம். பல்லாண்டுகள் இந்தியப் பகுதியையும் நாள்கணக்கில் நடந்தே கடக்க வேண்டியிருந்தது. 1998 ஆகஸ்டில் இவ்வழியிலுள்ள மால்பா என்னும் இடத்தில் மலைச்சரிவு நேர்ந்து, யாத்திரிகர் சுமார் 60 பேர் உட்பட 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020இல் லிபுலேக் வரையான சாலை தொடங்கி வைக்கப்பட்ட பின் நடை பெரிதும் குறைந்தது.

இரண்டாவது வழி சிக்கிமின் நாதுலா கணவாய். 2015இல் யாத்திரைக்குத் திறக்கப்பட்ட இவ்வழியில் பெரும்பகுதியை வண்டியிலேயே கடக்கலாம். 2017இல் எல்லைப் பிணக்கால் தடைபட்டு, 2018இல் மீண்டும் நடந்தது. இவ்விரண்டு வழிகளிலும் யாத்திரையை இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்துகிறது. 2020 முதல் ஐந்தாண்டுகள் நின்றிருந்த இந்த யாத்திரை 2025 ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு லிபுலேக் வழியாக ஐம்பதின்மர் கொண்ட ஐந்து குழுக்களும், நாதுலா வழியாகப் பத்துக் குழுக்களும் செல்ல இடமளிக்கப்பட்டது.

மூன்றாவது, நேபாள நாட்டின் வழி. காத்மாண்டுவிலிருந்து கோடாரி எல்லையைக் கடந்து செல்வது முன்னாள் வழக்கம். 2015ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அவ்வழி சிதைந்தபின் கேருங் எல்லை பெரிதும் பயன்பட்டது. நேபாளத்தின் மேற்கே சிமிகோட், ஹில்சா வழியாகத் தக்லகோட் சேர்வதும் உண்டு. இவ்வழிகளில் தனியார் ஏற்பாட்டாளர்கள் யாத்திரிகரை அழைத்துச் செல்வர்.

எவ்வழியாகச் சென்றாலும் மானசரோவரத்தில் தீர்த்தமாடி, மலையடியிலுள்ள தார்ச்சென் என்னும் ஊரை வந்தடைதல் வேண்டும். வலம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் அதுவே.

மூன்று நாள் வலம்

வலம்வரும் பாதையின் நீளம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர். நம் நாட்டு யாத்திரிகர் மூன்று நாள்களில் இதனைச் சுற்றுவர்.

முதல் நாள் யமதுவாரம் என்னும் சிறு வாயிலுக்குள் நுழைந்து வெளிவந்து, மேற்குப் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையோடு நடத்தல். வாயிலில் நுழைவோர் மரண பயத்தை அங்கே விட்டுச் செல்வதாக ஐதிகம். மாலையில் திராபுக் என்னும் இடத்தை அடைந்தால், வடமுகம் ஏறத்தாழ முழுமையாக எதிரே நிற்கும். 1926இல் ரட்லெட்ஜ் ஏற இயலாது என்று கைவிட்ட சுவர் அதுவே. அங்குத் தங்கும் அடியார்கள் விடியலில் அச்சுவர் பொன்னிறம் பெறுவதைக் கண்டு, குளிரையும் மறந்து நிற்பர்.

இரண்டாம் நாள் மிகக் கடினமானது. சுமார் 4,900 மீட்டரிலிருந்து, 5,630 மீட்டர் உயரத்திலுள்ள டோல்மா கணவாய்க்கு ஏற வேண்டும். யாத்திரையில் மனிதன் ஏறத்தக்க மிக உயர்ந்த இடம் இதுவே. வழியில் சிவஸ்தலம் என்னும் இடத்தில் யாத்திரிகர் தம் பழைய ஆடை ஒன்றையோ, ஒரு கற்றை முடியையோ விட்டுச் செல்வர். பழைய பிறவியை அங்கே கழற்றி வைப்பதாகப் பொருள். கணவாயில் பல வண்ணக் கொடிகள் காற்றில் படபடக்கின்றன. இறங்கும் பக்கத்தில் கௌரிகுண்டம் என்னும் குளம் ஆழத்தில் பச்சை நிறமாகத் தெரியும். உமையம்மை நீராடும் குளம் என்பர். அப்பால் செங்குத்தான இறக்கத்தில் இறங்கி, கிழக்குப் பள்ளத்தாக்கில் நெடுந்தொலைவு நடந்து, மிலரேபாவின் குகையுள்ள சுதுல்புக்கை அடைய வேண்டும்.

மூன்றாம் நாள் எளிய நடை. நண்பகலுக்குள் தார்ச்சென் வந்து வலத்தை நிறைவு செய்யலாம்.

திபெத்தியர்களில் பலர் இம்முழு வலத்தையும் விடியுமுன் தொடங்கி ஒரே நாளில் முடித்துவிடுவர். வேறு சிலர் ஒவ்வோர் அடிக்கும் நிலத்தில் விழுந்து வணங்கி, எழுந்து, மீண்டும் விழுந்து வாரக்கணக்கில் சுற்றுவர். குதிரை ஆண்டில் செய்யும் ஒரு வலம் பல வலங்களுக்கு இணை என்பது அவர்கள் கொள்கை. 2014, 2026 ஆகியவை குதிரை ஆண்டுகள். மலைக்கு இன்னும் நெருங்கிச் செல்லும் உள்வலம் ஒன்றும் உண்டு. புறவலத்தைப் பதின்மூன்று முறை முடித்தவரே அதற்குரியவர் என்பது மரபு. நெருங்குதல் என்பதும் அங்கே பணிந்து சுற்றியவர்க்கே உரியதாயிற்று.

உடல் உரைக்கும் சொல்

அன்பர்களே, இவ்விடத்தில் ஒரு கடிய உண்மையையும் சொல்ல வேண்டும். டோல்மா கணவாயின் உயரத்தில் காற்றிலுள்ள உயிர்வளி கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதியே. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, மூச்சுத் திணறல் ஆகியவை உயரம் தரும் நோயின் அறிகுறிகள். அது முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இடர் செய்யும். அதற்கு முதன்மையான மருந்து தாமதியாது கீழே இறங்குதலே. உடல் வலிமையுடைய இளைஞருக்கும் இது நேரலாம்.

இதனாலேயே அரசு நடத்தும் யாத்திரைக்குச் செல்வோர் 18 முதல் 70 வயதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும் என்ற விதியும், புறப்படும் முன்னும் வழியிலும் மருத்துவச் சோதனைகளும் உள்ளன. சோதனையில் தகுதி பெறாதவர் திருப்பி அனுப்பப்படுவர். பல்லாண்டுகள் பொருள் சேர்த்து, விரதம் காத்து, உற்றார் வழியனுப்ப வந்தவருக்கு அச்சொல் எத்துணை வேதனை தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணெதிரே மலை தெரிய, திராபுக்கில் மூச்சு முட்டித் திரும்ப நேர்ந்தவரின் வேதனை அதனினும் பெரிது. ஆகவே சிலர் இதய நோயையும் இரத்தக் கொதிப்பையும் மருத்துவரிடம் மறைத்துவிடுகின்றனர். கயிலையில் உயிர் போனால் அதுவே பேறு என்று சொல்லித் துணிபவரும் உண்டு.

இது பக்தியா? இதற்கு விடை சொல்லத் தக்கவர் திருநாவுக்கரசு சுவாமிகள் ஒருவரே.

திருவையாற்றில் கண்ட கயிலை

முதுமை எய்திய நிலையில், கயிலைக் காட்சி காணாமல் திரும்புவதில்லை என்ற உறுதியோடு நாவரசர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருக்காளத்தி, திருப்பருப்பதம் ஆகியவற்றை வணங்கி, பல நாடுகளைக் கடந்து காசியை அடைந்தார். உடன் வந்த அடியார்களை அங்கேயே நிறுத்தி, உணவையும் நீக்கித் தனியே நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகள் கரைந்தன, மார்பினால் ஊர்ந்தார். மார்பும் சிதைந்தது, உருண்டு சென்றார். உடல் முற்றும் ஓய்ந்து, ஓர் இடத்தில் அசைவற்றுக் கிடந்தார்.

அப்போது பெருமான் ஒரு முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு, கயிலை மானுடர் அடையத்தக்கதன்று, திரும்புக என்றார். இறைவனின் இருக்கையைக் கண்டாலன்றி இவ்வுடலைக் கொண்டு மீளேன் என்று நாவரசர் மறுத்தார். முனிவர் மறைந்தார். எழுந்திரு என்னும் திருவாக்குக் கேட்டது. சிதைந்த உறுப்புகள் எல்லாம் நலம் பெற்றன. ஒரு தடாகத்தைக் காட்டி, இதில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் கோலத்தைக் காண்க என்று அவ்வாக்கு பணித்தது.

அஞ்செழுத்தை ஓதி அவர் மூழ்கினார். சோழநாட்டுத் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கோயிலை நோக்கி வரும் வழியில் பிடியொடு வரும் களிறும், சேவலும் பெடையுமாய்த் திரியும் பறவைகளும், துணையொடு வரும் பிற உயிர்களும் எல்லாம் சிவமும் சத்தியுமாகவே அவருக்குத் தோன்றின. திருக்கோயிலே கயிலையாகக் காட்சி தந்தது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறுவது இதனை நினைந்தே. அக்கோயிலின் வடகயிலாயம், தென்கயிலாயம் என்னும் சந்நிதிகளுள் வடகயிலாயத்தை முதலாம் இராசராசனின் தேவியார் உலோகமாதேவியார் எடுப்பித்தார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் நாவரசரின் உறுதியைப் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆயினும் பெருமான் செய்தது என்ன என்பதையும் எண்ணுதல் வேண்டும். சிதைந்த உடலோடு அடியவர் மலையடியில் மாய்வதை அவர் ஏற்கவில்லை. அவ்வுடலை முதலில் நலமாக்கினார். பின்னரே காட்சி தந்தார். அதனையும் அவருடைய சொந்த நாட்டிலே தந்தார். திரும்புக என்று பெருமான் சொன்ன சொல் மறுப்பன்று. அருளே அச்சொல் வடிவில் வந்தது.

ஆகவே, மருத்துவர் ஒருவர் இதற்குமேல் செல்ல வேண்டா என்று தடுப்பாராயின், அச்சொல்லை அந்த முனிவரின் சொல்லாகவே கொள்ளலாம். நோயை மறைத்துச் செல்லும் பயணத்தில் உடன்வருவோரும் துன்புறுவர். வீட்டில் காத்திருப்போரும் துன்புறுவர். திராபுக்கிலிருந்து திரும்பியவரும் கயிலையைக் கண்டவரே. தார்ச்சென்னில் தங்கிக் கைகூப்பியவரும் கண்டவரே. வாழ்நாளில் வடக்கே ஒரு முறையும் செல்லாமல், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவரும், உள்ளூர்ச் சிவாலயத்தின் திருச்சுற்றை நாள்தோறும் வலம் வருபவரும் அதே நெறியில் நிற்பவரே.

கயிலையில் எவரும் முடிமேல் நிற்பதில்லை. வலம்வரும் பாதையில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. அதில் வல்லவனும் மெலியவனும், தமிழனும் திபெத்தியனும் ஒரே தொலைவில் நின்று அம்முடியை அண்ணாந்து பார்க்கின்றனர். அடுத்த பெருவிழாவில் கயிலாய வாகனம் வீதியில் வரும்போது, கீழே நெரிபட்டும் பாடும் இராவணனையும், தலையால் நடந்த அம்மையாரையும், உருண்டு சென்ற அப்பரையும், ஏற வல்லவராயிருந்தும் ஏறாது வணங்கித் திரும்பியவர்களையும் ஒருங்கே நினைந்து வணங்குவோர்க்கு, அவ்வீதியே கயிலையாகும்.

திருச்சிற்றம்பலம்